வெற்றிலை வாங்கிய கை

நவம்பர் 9, ஞாயிறு

ஒரு மரப்பலகையை மேளம் அடித்து வீட்டுக்குக் கூட்டி வருவார்கள் என்று யாரும் என்னிடம் சொல்லிக் கல்யாணம் பண்ணி வைக்கவில்லை.

இவர் ஆடுகிற செம்பொன்விளைக் கபடிக் குழு ஆவணியில் ஜெயித்து வந்த ஷீல்டு அது. மாதம் ஒரு ஆட்டக்காரர் வீட்டில் இருக்குமாம். இந்த மாதம் எங்கள் முறை. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை அகலம், அதைவிடக் கொஞ்சம் கூட உயரம். நடுவில் பெரிய பித்தளைத் தகடு. சுற்றிலும் அரச இலை வடிவத்தில் சின்னச் சின்னத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஊர்ப் பெயர். கீழ் மூலை ஒன்று உடைந்திருக்கிறது. தச்சரிடம் சொன்னால் ஒரே நாளில் இதைவிட நன்றாகச் செய்து தருவார்.

"இதுக்கு எதுக்குங்க இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டேன்.

"மத்த கப்புன்னா வருசத்துக்கு ஒருக்கா போட்டி வச்சுக் குடுப்பாங்க. இது யாருகிட்ட இருக்கோ அவங்க ஊருக்கே வந்து ஆடி ஜெயிச்சாத்தான் எடுத்துட்டுப் போவ முடியும். சமமா முடிஞ்சாலும் இங்கதான் இருக்கும்."

"யாரும் வரலைன்னா?"

"நம்மகிட்டயே இருக்கும்."

"அப்ப, வரணும்னு நினைக்கிறீங்களா, வரக் கூடாதுன்னா?"

முழங்கால் கட்டை அவிழ்த்து மறுபடி சுற்றினார். ஆவணி ஆட்டத்தில் பிசகியது, இன்னும் சரியாகவில்லை. காற்றாலைக் கம்பெனியில் வேலை. கோபுரம் ஏறுகிறவருக்கு முழங்கால்தான் சோறு. அதைச் சொன்னால் சிரிக்கிறார்.

பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதம் முடியப்போகிறது. இன்னும் தவழவில்லை. வைத்த இடத்தில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரித் தோழி சந்தனமாரியின் பிள்ளை ஏழாம் மாதமே வீடு முழுக்கத் தவழ்ந்ததாம். அவள் வீடியோ அனுப்பியிருக்கிறாள். நான் பார்க்கவில்லை. இரண்டு முறைதான் பார்த்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

ஷீல்டை ஆணியிலிருந்து இறக்கிச் சுவரோரம் சாய்த்து வைக்கச் சொன்னேன். பாப்பா அதற்கு நேர் கீழேதான் படுக்கிறாள்.

நவம்பர் 16, ஞாயிறு

கோயில் மாதிரி ஆகிவிட்டது வீடு. காலையிலிருந்து ஷீல்டு பார்க்க ஆட்கள். உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர் பைக்கில் வந்தார். நடுத்தர வயது, அரிசிக் கடைக்காரராம். குனிந்து தகடுகளில் ஒவ்வொன்றாகத் தேடி, தன் ஊர்ப் பெயர் வந்ததும் கட்டைவிரலால் துடைத்தார். அப்புறம் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். எந்த வருடம், அவர் ஆடினாரா, எப்படித் தோற்றார்கள் என்று கேட்க வாய்வரை வந்தது.

சாயங்காலம் வேறு ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் மஞ்சள் பையோடு வந்தார்கள். அவர்களைத் தெருமுனையில் பார்த்ததுமே அத்தை அடுக்களைக்கு ஓடி மாவுச் சட்டியில் கையை விட்டுக்கொண்டார். மணிக்கட்டுவரை மாவோடு வாசலில் நின்று, மழை, வெள்ளாமை, பஸ் எல்லாம் பேசினார். நான் காபி கொடுத்தேன். பையை மடியிலேயே வைத்திருந்துவிட்டு, சிரித்துக்கொண்டே எழுந்து போனார்கள்.

"நேத்தே மாவாட்டியாச்சே அத்தை?"

"உப்பு போடலம்மா" என்றார்.

போட்டது நான்தான்.

நவம்பர் 20, வியாழன்

திருநெல்வேலியில் எலும்பு டாக்டரைப் பார்த்தோம். தசைநார் லேசாகக் கிழிந்திருக்கிறது. இரண்டு மாதம் ஓட்டம், ஆட்டம் எதுவும் கூடாது என்றார். கம்பெனியில் தரை வேலை கேட்டிருக்கிறார் இவர்.

குழுவில் எதிரணிப் பக்கம் நன்றாகக் கபடி பாடிப் போகிற இசக்கிராஜா மஸ்கட் போயிருக்கிறார், தைக்குத்தான் வருவார். இவரும் இல்லை. யாராவது இப்போது சவால் விட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வைக்க மாட்டாங்க. வச்சாலும் யாரும் வாங்க மாட்டோம்லா" என்றார்.

எதை வைப்பது, எதை வாங்குவது என்று கேட்பதற்குள் பாப்பா அழுதாள்.

நவம்பர் 26, புதன்

புளி போட்டுத் தேய்த்தேன். வேறு வேலை இல்லாமல்தான். பித்தளை பளிச்சென்று ஆனது; சுற்றி அழுக்குப் போன இடத்தில் மரத்தின் ரேகை தெரிந்தது. எம்.எஸ்ஸி தாவரவியல் படித்ததற்கு முதல் உபயோகம்: பலகை பூவரசு. குழுப் பசங்களும் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். குழுக் கேப்டன் சிவராசு, "முப்பது வருசமா தேக்குன்னுல்லா நினைச்சோம் மதினி, வெளியே சொல்லிராதீங்க" என்றார்.

செம்பொன்விளை என்று இரண்டே தகடுகள்தான் இருக்கின்றன. பழைய ஒன்று, ஆவணியில் அடித்த புதிய ஒன்று. கடையன்குளம் என்று எண்ணி மாளவில்லை. அவர்கள் வருடக்கணக்கில் வைத்திருந்ததை நம் ஆட்கள் போய் எடுத்து வந்திருக்கிறார்கள். இதை எவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆவணியில் அந்த ஆட்டத்தன்று பிள்ளைக்குச் சளி என்று நான் பார்க்கப் போகவில்லை.

பாப்பா வாயில் வைப்பாள் என்று வெந்நீர் விட்டு மறுபடி கழுவினேன்.

நவம்பர் 30, ஞாயிறு

நல்ல நாள். அத்தை திருச்செந்தூர் போயிருந்தார். இவர் தூங்கிக்கொண்டிருந்தார். ராஜகனி என்று ஓர் அக்கா வந்தார்கள், கூட இன்னொரு பெண். பாப்பாவுக்கு மாம்பழ நிறத்தில் ஒரு கவுன். அக்காவுக்கு என் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும், நன்றாகச் சிரிக்கிறார். அவருடைய மகளும் பத்து மாதம் வரைக்கும் தவழவில்லையாம், ஒரு நாள் எழுந்து நடந்தாளாம். "பிள்ளைய பிள்ளை போக்குல விடுங்க" என்றார். திருச்சியை விட்டு இந்த ஊருக்கு வந்ததிலிருந்து யாரும் என்னிடம் இவ்வளவு நேரம் பிள்ளையைப் பற்றிப் பேசியதில்லை.

கிளம்பும்போது பையிலிருந்து தட்டை எடுத்து வெற்றிலை, பாக்கு, இரண்டு எலுமிச்சம்பழம் வைத்து நீட்டினார்.

"நீங்களே வாங்கிக்கிடுதியளா?" என்று கேட்டார்.

"வீட்ல வேற யாரும் இல்லையே அக்கா" என்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். தாம்பூலத்தை மறுக்கக் கூடாது என்றுதான் அம்மா வளர்த்திருக்கிறார்.

அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "வர்ற இருபத்தொண்ணு, ஞாயித்துக்கெழம சாயங்காலம் எல்லாரும் வாறோம்" என்றார்.

"கண்டிப்பா வாங்க. சாப்பிட்டுத்தான் போகணும்" என்றேன்.

டிசம்பர் 1, திங்கள்



ராஜகனி அக்கா கடையன்குளம் கேப்டனின் மனைவி.

அந்தக் காலத்தில் ஆண்கள் சவால் விடப் போய் மண்டை உடைந்ததாம். ஷீல்டைச் செய்து கொடுத்த டிரில் வாத்தியார், இனி வெற்றிலை வைப்பதும் பெண், வாங்குவதும் பெண் என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஷீல்டு இருக்கிற வீட்டுப் பெண் கைநீட்டி வாங்கிவிட்டால் சவால் ஏற்றதாக அர்த்தம்; ஆட்டம் முடிகிறவரை ஷீல்டு அந்த வீட்டைவிட்டு நகராது. தேதிக்குத் தலையாட்டினால் தேதியும் முடிந்தது. வேண்டாதபோது கை ஈரம், கை மாவு, கையில் பிள்ளை என்று சமாளித்து அனுப்புவார்களாம். வந்தவர்களும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

"இது தெரியாமலா இருக்கும்னு நினைச்சிட்டேன்" என்றார் அத்தை. தட்டைப் பார்த்தபடியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "சாப்பிட்டுப் போங்கன்னு வேற சொன்னியா?"

"ஆமா அத்தை."

திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன், எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன் என்றேன். சிவராசு தலையில் கைவைத்தார். "வாங்குன வெத்தலைய திருப்பிக் குடுத்தா ஷீல்டையும் சேத்துக் குடுக்கணும் மதினி. சரி விடுங்க. தேதியையாவது கொஞ்சம் தள்ளிக் குடுத்திருக்கலாம். அது உங்க வாயிலதான இருந்துச்சு."

இவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அப்ப நான் இறங்கித்தான் ஆவணும்" என்று மட்டும் சொன்னார். அதில் வருத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை என்பதுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 4, வியாழன்

கடையில் பால் வாங்கினேன். "பாத்து, கைய நீட்டி வாங்குதிய" என்றார் கடைக்காரப் பொன்னுத்தாய். கடை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஆடக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மூன்றாம் முறை நினைவுபடுத்தினேன். "பின்னால மூலையில சும்மா நிக்கப் போறேன், அவ்வளவுதான்" என்றார். இவர் சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

பாப்பாவுக்குக் காற்று வாங்கலாம் என்று மைதானத்துப் பக்கம் போனேன். செம்மணல் மேடான தேரி, சுற்றிலும் பனை. பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பாடி வருகிறவனின் காலை மூலையில் நிற்கிறவர் பிடிக்க வேண்டும். கைகோத்தபடி மற்றவர்கள் சூழ்ந்து மூட வேண்டும். சீக்கிரம் பாய்ந்தால் தப்பிவிடுவான், தாமதித்தால் தொட்டுவிட்டுப் போய்விடுவான். இவர் பாய்கிற நேரம் சரியாக இருக்கிறது. இவருக்கு இடது கைப் பக்கம் நிற்கிற ஆள்தான் மூடுவதற்கு ஒரு நொடி தாமதிக்கிறான். இதை வீட்டில் சொன்னேன். இவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

காற்று நன்றாக இருக்கிறது. நாளையும் போகலாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

பாப்பா எழுந்து நின்றாள்.

தவழவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஷீல்டின் உடைந்த மூலையைப் பிடித்து, இழுத்து, முனகி, நின்றுவிட்டாள். சாய்ந்து விழாமல் இருக்க நான் பின்பக்கம் ஷீல்டைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு இந்த நேரம் அது எங்கே இருக்குமோ.

டிசம்பர் 21, ஞாயிறு

கடையன்குளத்தார் மூன்று வேனில் வந்தார்கள். சாப்பிட்டுப் போங்கள் என்று நான் சொன்ன வார்த்தைக்காக ஊரே சேர்ந்து கொண்டைக்கடலையும் டீயும் போட்டது. ராஜகனி அக்கா நேராக என்னிடம் வந்தார். "கோவமா?" என்றார். "டீ குடிங்க" என்றேன். பாப்பா அந்த மாம்பழக் கவுனில்தான் இருந்தாள். துவைத்ததில் அது ஒன்றுதான் காய்ந்திருந்தது.

ஆட்டம் முழுக்க ஏறி இறங்கியது. முதல் பாதியில் அவர்கள் மேலே, அப்புறம் நாங்கள் பிடித்துவிட்டோம். இடது கைப் பக்கத்து ஆள் இப்போது தாமதிக்கவில்லை. கடைசிப் பாட்டு வரும்போது இரண்டு பக்கமும் சமம். அவர்கள் ஆள் வெறுங்கையோடு திரும்பிப் போனால் போதும், ஷீல்டு எங்கள் வீட்டுக்குத்தான் வரும். எல்லாரும் கோட்டோரம் ஒதுங்கி நின்றால் முடிந்தது.

வந்தவன் ராஜகனி அக்காவின் வீட்டுக்காரரேதான். இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, கடைசியில் இவர் நிற்கிற மூலையில் கால் வைத்தான். ஒரு கால். இவருக்கு எட்டுகிற தூரம்.

பாய்ந்துவிட்டார். கணுக்கால் கைக்குள் வந்துவிட்டது. மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். அவன் எல்லாரையும் இழுத்துக்கொண்டு மண்ணில் ஊர்கிறான். இவர் முழங்கால் திரும்பியது இங்கிருந்தே தெரிந்தது. விட்டிருந்தால் கால் தப்பியிருக்கும். கூட்டத்தில் யாரோ ஒரு பெண் "விடாதீங்க, விடாதீங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள், எனக்கு மிகப் பக்கத்தில். காது அடைத்தது.

அவன் விரல்நுனி நடுக்கோட்டைத் தொட்டது.

அப்புறம் மூன்று வேன் ஆட்களும் சேர்ந்து கத்தினார்கள்.

வாங்கிய கைதான் கொடுக்க வேண்டுமாம். பாப்பாவை அத்தையிடம் தந்துவிட்டு ஷீல்டைத் தூக்கினேன். இவ்வளவு கனமாக இருந்ததா அது? ராஜகனி அக்கா பிடித்த பிறகும் என் விரல்கள் உடைந்த மூலையை விடவில்லை. "விடுங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

சிவராசு இவரைத் தோளில் தாங்கிக் கூட்டிவந்தார். "சும்மா நின்னுருந்தா ஷீல்டு வீட்ல இருக்கும்ல, மக்கா."

"சும்மா நிக்கவா அதை அங்க போயி எடுத்துட்டு வந்தோம்" என்றார் இவர், வலியில் பல்லைக் கடித்தபடி.

டிசம்பர் 22, திங்கள்

தொண்டை கட்டி, பேச்சே வரவில்லை. மார்கழிப் பனி. அத்தை மிளகுப்பால் கொடுத்தார். எதற்கோ தனியாகச் சிரித்துக்கொண்டார்.

டிசம்பர் 24, புதன்

டாக்டர் கடிந்துகொண்டார். அறுவை சிகிச்சை வேண்டாம், ஆனால் மாசி முடிகிறவரை களத்தில் கால் வைக்கக் கூடாது; அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். இனி இந்த ஜென்மத்துக்கு ஆட வேண்டாம் என்று பஸ்ஸில் சொல்லிவிட்டேன். சரி என்றார். ஜன்னல் வழியாகத் தேரியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

டிசம்பர் 28, ஞாயிறு

பாப்பா தவழ்ந்தாள். நேராகச் சுவரோரம் போனாள், ஷீல்டு சாய்ந்திருந்த இடத்துக்கு. சுவரைத் தட்டினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

சந்தனமாரிக்கு வீடியோ அனுப்பவில்லை. தோன்றவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இசக்கிராஜா மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டார். பசங்கள் எல்லாரும் எங்கள் முற்றத்தில்தான் கூடினார்கள். கடையன்குளத்துக்கு வெற்றிலை கொண்டுபோக வேண்டும், யார் போவது என்று பேச்சு. சிவராசுவின் அக்காவுக்குக் காய்ச்சல். பொன்னுத்தாய்க்குக் கடை. ராஜகனியிடம் கொண்டுபோய் வாங்கவைப்பது லேசில்லை, அவள் கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும் என்றார்கள்.

நான் டம்ளர்களை எடுக்க வந்தவள். "நான் போறேனே" என்றேன்.

"மதினி, வைக்கணும். வாங்கிட்டு வந்துராதீங்க" என்றார் இசக்கிராஜா. இவர் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 18, ஞாயிறு

அத்தையும் நானும் பாப்பாவும் பதினோரு மணி பஸ்ஸில் போனோம். தட்டும் வெற்றிலையும் அத்தையின் பையில். பாப்பா மாம்பழக் கவுனில்.

எங்களைத் தெருவிலேயே பார்த்திருக்கிறார்கள். போய் நிற்கும்போது ராஜகனி அக்கா வாசலில் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கை நிறைய மருதாணி. நன்றாகக் காய்ந்து கறுத்துப்போனது.

"வாங்க வாங்க. ஒண்ணையும் தொட முடியாது பாத்துக்கிடுங்க. இப்பந்தான் வச்சேன்" என்றார். அவர் மகள் டீ கொண்டுவந்தாள்.

உள்ளே ஷீல்டு உயரத்தில் மாட்டியிருந்தது. கடையன்குளம் என்று புதிதாக ஒரு தகடு. புளி போட்டுத் தேய்க்கவில்லை, எண்ணெய் தடவியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் தூசி ஒட்டும். சொல்லவில்லை.

பேசினோம். பொங்கல், கரும்பு, பாப்பா நிற்பது. அத்தை இரண்டு முறை பையைத் திறக்கப் போனார். ராஜகனி அக்கா இரண்டு முறையும் கையை விரித்துக் காட்டினார். பாப்பாவைத் தரையில் இறக்கிவிட்டேன். தவழ்ந்து போய் அக்காவின் முழங்காலைப் பிடித்து எழுந்து நின்றாள். அவள் வாயில் பச்சையாக ஏதோ இருந்தது. பஸ்ஸில் எப்படியோ அத்தையின் பையிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்திருக்கிறாள். நான் கவனிக்கவில்லை.

"ஐயய்யோ, பிள்ளை இலையத் திங்குது பாருங்க. தொண்டையில அடைச்சிரும்" என்று ராஜகனி அக்கா பதறி, ஒரு கையால் பாப்பாவின் தாடையைப் பிடித்து, இன்னொரு கையால் இலையை வாங்கினார். மருதாணி உதிர்ந்து கவுனெல்லாம் விழுந்தது.

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா கையிலிருந்த இலையைப் பார்த்தார். பாதிதான் இருந்தது, நான்கு பல் தடம். பிறகு என்னைப் பார்த்தார். அத்தை மெதுவாகத் தட்டை எடுத்து, பாக்கும் எலுமிச்சம்பழமும் வைத்து, அந்தப் பாதி இலைக்குப் பக்கத்தில் நகர்த்தினார்.

"பாவம், திருச்சிக்காரப் பிள்ளைன்னு நினைச்சேன்" என்றார் ராஜகனி அக்கா. அப்புறம் அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த வீட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, தேதி சொல்லுங்க" என்றார்.

மாசி முதல் ஞாயிறு என்றுதான் பசங்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"பங்குனி உத்திரத்துக்கு முந்தின ஞாயிறு" என்றேன்.

அத்தை திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அம்புட்டுத் தள்ளி?" என்று கேட்டார் அக்கா.

உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்கு வெளியூர்க்காரர்கள் எல்லாம் வந்திருப்பார்கள், நல்ல கூட்டம் இருக்கும் என்றேன். உண்மைதானே.

திரும்புகிற பஸ்ஸில் அத்தை தை, மாசி, பங்குனி என்று விரல்விட்டு எண்ணினார். எண்ணி முடித்து என்னைப் பார்த்தார். பாப்பாவுக்குக் காற்றுப்படும் என்று நான் ஜன்னலை மூடிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சுவரில் அந்த ஆணியை அசைத்துப் பார்த்தேன். உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் மிக உயரம். பாப்பாவுக்கு எட்டுகிற மாதிரி கீழே இன்னொன்று அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.